சாய்ப்பில் கழிந்த மாதங்கள்

பிள்ளை தள்ளிப்போக வேண்டும் என்று எனக்குக் கொடுத்த பாசிமணிச் சரத்தை என் மாமியார் முருகன் படத்துக்கு மாட்டிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சிவப்பும் பச்சையுமாக நூலில் கோத்த மணிகள், பார்த்தால் ஜெபமாலை போலத்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்த ஹெல்த் விசிட்டர் அம்மாள், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து குடையும் தோல்பையுமாக நடந்தே வருகிற கிறிஸ்தவப் பெண்மணி. அதனால் மாமியார் முதலில் சரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, சிலுவை எதுவும் தொங்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு, "ஆஸ்பத்திரியில குடுத்ததா? சாமிகிட்ட கெடக்கட்டும், நல்லது" என்று ஆணியில் மாட்டினார். அது எதற்கு என்று அவரிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போது எனக்கு இரண்டு குழந்தைகள். சுதந்திரம் வந்த மறு வருஷம் கல்யாணமாகி, வடாற்காட்டிலிருந்து பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்தவள் நான். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம் இருக்கிற வட்டாராவில் எங்களுக்கு ஓர் அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு தகரச் சாய்ப்பு. விறகும் மரத்தூள் மூட்டையும் போட்டுவைக்கிற அந்தச் சாய்ப்பில்தான் மாதம் மூன்று நாள் நான் தனியாக உட்கார வேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது, தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது, சாமி இருக்கிற பக்கம் தலைகூட நீட்டக்கூடாது. நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். மாமியார் இந்த விஷயத்தில் மட்டும் கறார். மற்றபடி நல்ல மனுஷி.

மணிச் சரத்தின் கணக்கு சுலபம். தூரமான முதல் நாள் முதல் மணி. அன்றிலிருந்து தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்கலாம், சிவப்பு வந்தால் விலகியிருக்க வேண்டும். என் கணவர் ஃபாக்டரிக்குக் கிளம்பும்போது முருகனைக் கும்பிடுகிற சாக்கில் நிறத்தைப் பார்த்துக்கொண்டு போவார். ஆறேழு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றே நினைத்தோம். பிறகு எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

விசிட்டர் அம்மாள் வந்து முக்காலியில் உட்கார்ந்து, எப்படித் தள்ளினாய், என்று தொடங்கினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்காம் நாள் குளித்துவிட்டு உள்ளே வந்ததும் முதல் மணியைத் தள்ளுவேன் என்றேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நடுவுல மூணு நாள் எங்கம்மா போச்சு?"

"சாய்ப்புல இருந்தேனே. சாமிகிட்ட மாட்டியிருக்கறத எப்படித் தொடறது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, என் வயிற்றைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மூன்று நாளைத் தொலைத்துவிட்டு ஒரு மாதக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஜோகுபாளையத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்று நினைக்க வேண்டாம், இன்னும் நாலு வீட்டில் இதே கதை என்று அவரே சொன்னார். மூன்றாவது பிறந்தது.

விசிட்டர் அம்மாளுக்குப் பொறுமை அதிகம். எரிச்சல் வந்தாலும் குரல் உயராது. "ஒரே ரவிக்கை எல்லாருக்கும் சேருமா? புதுசா கல்யாணம் ஆனவளுக்கு ஒண்ணு, ரெண்டு பெத்தவளுக்கு ஒண்ணு, போதும்னு ஆனவளுக்கு வேற ஒண்ணு. உனக்கு எது சேரும்னு பாக்கலாம்" என்பார். வயது கேட்பார், எத்தனை பிரசவம் என்று கேட்பார், பால் கொடுக்கிறாயா என்று கேட்பார், எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக்கொள்வார். எத்தனை பேர் எந்த அறையில் படுக்கிறீர்கள் என்று அந்த அட்டையில் ஒரு கேள்வி கிடையாது. சோறு ஆக்குவது யார் என்றும் கிடையாது.

மூன்றாவதுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ரப்பர் மூடி ஒன்று அளவெடுத்துக் கொடுத்தார்கள். கூடவே குழாயில் களிம்பு. போடுவதற்கு முன் கை கழுவ வேண்டும், தனியாக இருக்க வேண்டும், குந்த வேண்டும், மறுநாள் எடுத்துக் கழுவிக் காயவைத்து மாவு பூசி டப்பாவில் வைக்க வேண்டும். ஓர் அறையில் மாமியாரும் மூன்று குழந்தைகளும் படுத்திருக்க, நான் எங்கே போய்க் குந்துவது? ஆறு குடித்தனத்துக்கும் பொதுவான கொல்லையில் அதை எங்கே காயவைப்பது? டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தது வைத்தபடியே இருந்தது. நான்காவது பிறந்தது. அடுத்து, விழுங்காமல் உள்ளே வைக்கிற நுரை மாத்திரை கொடுத்தார்கள். பெங்களூர் மழைக்கால ஈரத்தில் அது டப்பாவுக்குள்ளேயே நுரைத்து உப்பிப்போய்விட்டது. ஐந்தாவதும் பிறந்தது. இதையெல்லாம் வரிசையாக எழுதும்போது ஏதோ நகைச்சுவைக் கதை போல இருக்கிறது. அனுபவித்தபோது அலுப்பாகத்தான் இருந்தது.

என் கணவருடைய ஃபாக்டரியில் ஆண்களுக்கு ஆபரேஷன் என்று சொல்லி லீவும் கொடுத்தார்கள். நான் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"எட்டு மணி நேரம் மெஷின்கிட்ட நிக்கறவன் நான். பலம் போயிடுச்சின்னா யாரு கொடுப்பா சோறு?" என்றார்.

பலம் போகாது என்று விசிட்டர் அம்மாள் சொன்னதைச் சொன்னேன். "அவங்களுக்கு இன்னா தெரியும், கல்யாணமே ஆவலை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். தன் உடம்பைத் தவிர மற்ற எதையும் குடும்பத்துக்குக் கொடுப்பார்.

அறுபதுகளின் நடுவில் லூப் வந்தது. அதற்குள் எனக்கு முப்பத்தைந்து வயது. மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வட்டாராவிலேயே அத்தனை தூரம் படித்த பெண் அவள்தான். கணக்கில் கெட்டிக்காரி. அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு நர்ஸ் டிரெய்னிங் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியாரும் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவைத்திருந்தார்: "இன்னொண்ணு பொறந்தா இந்தப் பொண்ணுதான் ஊட்ல நின்னு பாக்கணும். எனக்குக் கண்ணு சரியில்ல, உனக்கு ஒடம்பு சரியில்ல." அதில் தப்பாக ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் எனக்குப் பயம். இன்னொரு பிள்ளை என்றால் மூத்தவளின் படிப்பு போச்சு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழும் கலந்து பேசுவார். பாம்பு நெளிந்த மாதிரி, நுனியில் நூல் தொங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்துக் காட்டினார். இதை உள்ளே வைத்தால் நீ எண்ண வேண்டாம், கழுவ வேண்டாம், ஒளித்துவைக்க வேண்டாம் என்றார். என் கஷ்டமெல்லாம் தெரிந்து யாரோ எனக்காகவே செய்தது போல இருந்தது.

"மொதல் ரெண்டு மூணு மாசம் ஜாஸ்தி போகும். பயப்படபேடி. மாசா மாசம் குளிச்சதும் நூலு இருக்கா இல்லியான்னு வெரல் விட்டுப் பாத்துக்கணும். நூலு இல்லேன்னா ஓடி வரணும். தெரிஞ்சுதா?" என்றார்.

தலையை ஆட்டினேன். போகும் என்றுதான் சொன்னார், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. முதல் மாதமே இருபத்திரண்டு நாள் போயிற்று.

மூன்று நாள் என்றால் வீடு எப்படியோ சமாளிக்கும். இருபத்திரண்டு நாள் ஒரு பெண் அடுப்பைத் தொடவில்லை என்றால் வீடு நின்றுவிடும். மாமியார் கண் தெரியாமல் மரத்தூள் அடுப்போடு போராடினார். உப்பு இரண்டுமுறை விழும், இல்லையென்றால் விழாது. "புள்ள வேணாம்னு எதையோ வெச்சிக்கினு வந்தா. இப்ப சோறும் வேணாம்னு ஆயிடுச்சி" என்று முற்றத்துக்கே கேட்கிற மாதிரி சொல்வார். எடுத்துவிட்டு வா என்று மட்டும் சொன்னதில்லை. ஐந்து பிள்ளைகளையும் தூக்கிச் சுமந்தவர் அவர்தானே.

சாய்ப்பில் சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தேன். இடுப்பு கழன்றுபோகிற மாதிரி வலி, தலைசுற்றல். ஆனால் இருபத்து மூன்றாம் நாள் சட்டென்று நின்றுவிட்டது. அன்று காலையில் எழுந்து குளித்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும். விறகுக் கட்டில் சாய்ந்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மாமியார் ராகி மாவைக் கொட்டிக் கிண்டுகிற சத்தம் கேட்டது. பால்காரன் வந்து போனான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்படியே கண்ணை மூடினேன், மத்தியானம் வரை தூங்கிவிட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் காய்ச்சலோ வலியோ இல்லாமல் நான் பகலில் தூங்கியது அன்றுதான்.

எழுந்ததும் மாமியார், "நின்னுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல அத்தே" என்றேன்.

அந்தப் பொய்யை நான்கு மாதம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வருத்தமாக இல்லை. தினம் காலையில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, பழம்புடவை ஒன்றின் மறைவில் சாய்ப்புக் கொடியில் காயப்போடுவேன். மாமியாருக்கு அதெல்லாம் தெரிகிற கண் இல்லை. என் கணவர் அந்தப் பக்கமே வரமாட்டார். தூரமான பெண்ணைத் தொடக்கூடாது என்பதில் அவரும் தன் அம்மாவைப் போலத்தான். சாப்பாடு தட்டில் வந்து தரையில் வைக்கப்படும். பக்கத்து வீட்டுக்காரி வாரப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடுவாள், படிப்பேன், தூங்குவேன். இரண்டு வயதுக் கடைக்குட்டி மட்டும் என்னிடம் வருவான். துணியில்லாத பிள்ளைக்குத் தீட்டு ஒட்டாது என்பது மாமியார் கணக்கு. அதனால் சட்டையைக் கழற்றிவிட்டு அம்மணமாக அனுப்புவார். மார்கழிக் குளிரில் அவனை என் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு படுப்பேன்.

நூல் இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. கூச்சம் ஒரு காரணம். வலியும் போக்கும் நின்றுவிட்டதே, உடம்பு லூப்பை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி என்ன பார்ப்பது என்று நானே முடிவு செய்துகொண்டதும் ஒரு காரணம்.

மாதத்தில் மூன்று நாள் மூத்தவளும் சாய்ப்புக்கு வருவாள். அவளுக்கும் வயதாகிவிட்டதே. புத்தகப் பையோடு வந்து விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து ஜியாமெட்ரி போடுவாள். வீட்டில் யாரும் அவளைத் தண்ணீர் எடுக்கவோ தம்பியைத் தூக்கவோ கூப்பிட முடியாத மூன்று நாள் அது. நான் அவள் பக்கத்தில் சும்மா படுத்திருப்பேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நாட்களைச் சொல்லச் சொன்னால் அவற்றைத்தான் சொல்வேன்.

பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். மாமியார் களி கிண்டும்போது பானை சரிந்து கொதிநீர் காலில் கொட்டிவிட்டது. முட்டிக்குக் கீழே தோல் வழன்று கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவினாள். நான் பின்வாசலிலேயே நின்றேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற மூத்தவள் பையை இறக்கிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, தானாகத்தான் போனாள். "பாவம், இனிமே அதுதான் பாக்கணும். இஸ்கோலு போனா போவுது" என்று மாமியார் படுத்தபடியே சொன்னார்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு முழுப் பரீட்சை. அது தவறினால் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பே கிடையாது. நான் அங்கேயே நின்று, "நின்னுடுச்சி அத்தே, குளிச்சிட்டு வரேன்" என்றேன். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு உள்ளே போய் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பஸ்ஸு போயிடும், ஓடு" என்றேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

குளித்து உள்ளே வந்த பெண்டாட்டியைத் தள்ளிவைக்க என் கணவருக்குக் காரணம் இல்லை. மறுக்க எனக்கும் இல்லை. லூப்தான் இருக்கிறதே.

மூத்தவள் பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள். அந்த மார்க் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை. ரத்தம் போய்ப் பலவீனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் தெரியும். ஐந்து பெற்றவளுக்குத் தெரியாதா?

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "லூப்பு இல்லியேம்மா. எப்ப விழுந்துதுன்னு தெரியாதா? நூலு பாக்கலியா?"

இல்லை என்றேன்.

"மொதல் மாசம் ரொம்பப் போச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே ரத்தத்தோட போயிருக்கும். அப்போ அதுக்கு மேல நாலு மாசம் எப்படித் தப்பிச்சீங்க?"

நான்கு மாதம் என்னைக் காப்பாற்றியது லூப் இல்லை, என் பொய். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? பாசிமணி, ரப்பர் மூடி, மாத்திரை, லூப் என்று ஆஸ்பத்திரி கொடுத்த எதுவும் எனக்குச் சரிவரவில்லை. சரிவந்த ஒன்றை நானே எழுந்து குளித்துக் கழுவிவிட்டேன். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. விசிட்டர் அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதற்குள் தலை நரைத்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையில் எதையோ எழுதினார். பப்பாளிக் காயும் எள்ளும் தின்று பார்த்தேன். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாமியாரின் கால் ஆறவேயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூத்தவள் இந்த முறை பையைக் கையில் எடுக்கக்கூட இல்லை. காலையில் எழுந்து அடுப்பில் மரத்தூளை அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்தபடி, "அடுத்த வருஷம் போலாம்" என்றார். அடுத்த வருஷம் யாரும் அவளை அனுப்பப்போவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசியில் பிறந்தது. பெண். மறுநாளே எனக்கு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். என் கணவர் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டு பிள்ளையிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைபெற்ற தீட்டு. மறுபடி சாய்ப்பு. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மூத்தவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல், குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொடாத. மறுபடி குளிக்கணும்" என்றேன்.

"குளிக்கிறேன்" என்றாள். குழந்தையின் விரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அன்னிக்கு ஏம்மா எழுந்து குளிச்சே?"

"உனக்குப் பரிச்சையாச்சே. அடுப்பாண்ட நின்னா எப்படிப் படிப்பே?"

"உன் துணியில ஒண்ணும் இருக்கறதில்லேன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. என்னுதும் பக்கத்துலதானே காயும். ஆயாகிட்ட நான் சொல்லல. நீ தூங்கறதப் பாத்தா நல்லா இருந்துச்சி." பிரித்த விரல்களை மறுபடி மூடிவிட்டாள். "நான் ஆக்கிக்கினே படிச்சிருப்பேன். நீ இங்கயே இருந்திருக்கலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஆறுவதற்குள் கஞ்சியைக் குடிக்கச் சொன்னாள். அழுதேன் என்று எழுத ஆசைதான். அழுவதற்கு அன்று எனக்குத் தெம்பு இல்லை. கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன்.